நாலு பேர் குடியிருந்த வீடு

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் பச்சைத்துணி அக்காதான். அறுவை அறையில் விரிக்கிற பச்சைத் துணி கிழிந்தாலும், நோயாளி போடுகிற அங்கியின் நாடா அறுந்தாலும், தலையணை உறை வாய் பிரிந்தாலும், எல்லாம் கீழ்த்தளத்துத் துணி அறையில் இருந்த அவளுடைய தையல் மெஷினுக்கு வந்து சேரும். ஜன்னல் இல்லாத அறை. சலவைச் சோடாவின் நெடியும் இஸ்திரி ஆவியும் அங்கே குடித்தனம் நடத்தின. அவள் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு, மடித்து, தள்ளுவண்டியில் அடுக்கி, மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கிழிந்ததை யார் கண்ணிலும் படாமல் தைத்துவிடுவதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

தன்னுடைய கிழிசலையும் அவள் அப்படித்தான் தைத்து வைத்திருந்தாள்.

மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது கணவன் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து அவள் வாழ்க்கையை நடத்தியது அவளல்ல, நாலு பேர். அந்த நாலு பேரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் இல்லாத வீடு உண்டா? வாய்விட்டுச் சிரிக்கப் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள். பளிச்சென்று ஒரு நிறத்தில் துணி எடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள். தெருவில் நடந்தால் சுவரோரமாக நடப்பாள். மாடிப்படி ஏறினால் செருப்புச் சத்தம் கேட்காமல் ஏறுவாள். மகள் வளர்ந்து, படித்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போகவும் ஆரம்பித்துவிட்டாள். அம்மா மட்டும் இன்னும் சுவரோரமாகவே நடந்துகொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவளின் வாழ்க்கைக்குள் ஒரு தள்ளுவண்டிச் சக்கரத்தின் வழியாக ஒருவர் நுழைந்தார்.

ஆஸ்பத்திரியின் லிஃப்ட்காரர். தலை முன்பக்கம் நரைத்தவர், மனைவியை இழந்தவர், பிள்ளை குட்டி கிடையாது. இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட் அது. அதற்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் அவளுடைய வண்டியின் முன்சக்கரம் தினமும் மாட்டிக்கொள்ளும். அவர் குனிந்து, ஒரு கையால் சக்கரத்தைத் தூக்கிவிடுவார். பின்னால் நிற்கிற கூட்டம் முணுமுணுத்தால் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்.

"துணி போகாம ஆபரேஷன் நடக்காது சார். டாக்டர் வேணும்னா படியில வரட்டும், துணிக்குக் காலு இல்ல."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். வருஷக்கணக்கில் அவர்களுக்குள் நடந்த பேச்செல்லாம் மாடிக்கும் மாடிக்கும் நடுவில் நடந்ததுதான். ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் புதுசு போட்டிருந்தார். மறுநாள் வண்டி எந்தத் தடங்கலுமின்றி உள்ளே போய்விட்டது. இருவருக்குமே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அன்று மாலையிலிருந்துதான் அவர் வேலை முடிந்து அவளோடு கூட நடந்து வர ஆரம்பித்தார். அவள் குடியிருந்த கட்டடத்தின் இரும்புக் கேட் வரைக்கும் வருவார். அதற்கு மேல் ஒரு அடி கிடையாது.

அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில்தான் இருமல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர், கட்டடத்துச் சங்கத்தின் தலைவர். இவர்கள் இரண்டு பேரும் கேட்டருகே நின்று நாலு வார்த்தை பேசுவதற்குள், மார்பே பிளந்துவிடும் போல ஒரு இருமல் இருமுவார். அவ்வளவுதான். லிஃப்ட்காரர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். காறித் துப்பாத குறை என்று அவள் உள்ளுக்குள் கூனிக் குறுகுவாள். பிறகு படியேறுவாள். இரண்டாவது மாடியில் ஒருத்தி இருந்தாள், இரட்டைப் பையன்களின் தாய். இவள் காலடி கேட்டதோ இல்லையோ, "உள்ள வாங்கடா" என்று பையன்களை இழுத்துப் போட்டுக்கொண்டு படாரென்று கதவைச் சாத்துவாள். அந்தக் கதவு ஒவ்வொரு நாளும் தன் முகத்தில் சாத்தப்படுவதாகவே பச்சைத்துணி அக்காவுக்குத் தோன்றும்.

நாலு பேரில் இரண்டு பேர் யாரென்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மிச்சம் இரண்டு பேரைத் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஒருநாள் காலை, லிஃப்டில் வேறு யாருமில்லை. கம்பிக் கதவைச் சாத்திவிட்டு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூணாவது மாடி வர்றதுக்குள்ள ஒரு விஷயம் சொல்லிடறேன். பக்கத்து ஊர்ல ஆஸ்பத்திரி புதுசா ஒரு கட்டடம் திறக்குறாங்க. என்னை அங்க போகச் சொல்றாங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

அவள் வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். "போறீங்களா?"

"அது உங்க கையிலதான் இருக்கு. என்னைக் கட்டிக்கிறேன்னு நீங்க சொன்னா, நான் எங்கயும் போகல, இங்கயே இருக்கேன்னு சொல்லிடுவேன். இல்லைன்னா போயிடுவேன். தினமும் உங்களைப் பார்த்துக்கிட்டே சும்மா இருக்க எனக்கு இனிமே தெம்பு இல்ல."

அவள் கண்ணில் நீர் முட்டியது. ஆசை இல்லாமலா? இரவும் பகலும் அந்த ஒரு கேள்விக்காகத்தானே காத்திருந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"எந்த நாலு பேரு? ஆள் யாருன்னு சொல்லுங்க. நானே போய்க் கேட்டுட்டு வர்றேன்."

அதற்குள் மூன்றாவது மாடி வந்துவிட்டது. ஒரு நர்ஸ் உள்ளே ஏறினாள். அவர் பேச்சை விழுங்கிக்கொண்டு, "மேலயா, கீழயா?" என்று நர்ஸைக் கேட்டார்.

வீட்டில் மகள் லேசுப்பட்டவள் அல்ல. அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"லிஃப்ட் மாமா இன்னைக்கும் கேட் வரைக்கும் வந்தாரா?"

"யாரு?"

"ஆமா, உனக்கு ஊர்ல இருக்குற லிஃப்ட்காரங்க எல்லாரும் பழக்கம் பாரு. யாருன்னு கேக்குற."

"வாயை மூடிக்கிட்டு சாப்பிடு."

"வாயை மூடிக்கிட்டு எப்படிம்மா சாப்பிடறது?"

அதற்கு மேல் மகளும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. நாளைக்கு இவளுக்கு வரன் பார்க்கப் போனால், தாய் இப்படிச் செய்தவள் என்று சொல்லிவிட்டால்? அந்த எண்ணத்தோடேயே அம்மா தட்டைக் கழுவ எழுந்தாள். பெண்ணின் மனதில் என்ன ஓடியது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரே அறையில், ஒரே மின்விசிறியின் கீழ் படுக்கிற இரண்டு பேர். ஆனாலும் நடுவில் ஒரு சுவர்.

இந்தச் சமயத்தில்தான் கட்டடத்துக்கு ஒரு ஆராய்ச்சிப் பெண் வந்தாள். பெரிய படிப்புப் படித்தவள், ஆனால் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை போல இருந்தாள். தோளில் ஒரு பை, கையில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. பல்கலைக்கழகத்தில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்கிற பிரிவிலிருந்து வருவதாகச் சொன்னாள். இருமல்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நாங்க எப்படி வாழறோம்னு எங்களுக்கே தெரியாது. உனக்கு என்ன பாப்பா தெரியப் போகுது?"

"அதனாலதான் ஐயா வந்தேன்" என்றாள் அவள். அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போயிற்று. சங்கத் தலைவர் என்ற முறையில் அவரே கூடப் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார்.

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. பெயர் எழுத வேண்டாம், கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும், எல்லாருக்கும் ஒரே மாதிரி பென்சில். கேள்விகள் சாதாரணமானவைதான். ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு முறை கேட்கப்பட்டிருந்தது. வீட்டில் ஆண் துணி துவைப்பதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் கட்டடத்தில் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் குழந்தையை விட்டுவிட்டுப் போகலாமா? மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? இப்படியே போய், கடைசிக் கேள்வியில் பச்சைத்துணி அக்காவின் பென்சில் நின்றுவிட்டது.

கணவனை இழந்து, பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய ஒரு பெண் மறுபடி கல்யாணம் செய்துகொள்வது சரியா, தவறா?

யாரோ தன் நெஞ்சைத் திறந்து பார்த்துவிட்டு எழுதிய கேள்வி போல இருந்தது. அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை. இருந்தும் சீட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டாள். சரி என்று கோடு போட்டால்? இந்தக் கட்டடத்தில் சரி என்று சொல்கிற ஒரே சீட்டு அதுவாகத்தானே இருக்கும். அது யாருடையது என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியா வேண்டும்? இருமல்காரர் ஒரு இருமலில் கண்டுபிடித்துவிடுவாரே.

பல்லைக் கடித்துக்கொண்டு ‘தவறு’ என்ற கட்டத்தில் கோடு போட்டாள். மற்றவர்கள் எத்தனை பேர் சரி என்பார்கள் என்ற இடத்தில், ஒருவரும் இல்லை என்று போட்டாள். சீட்டை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தன் கையாலேயே தன் கழுத்தை நெரித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மாதம் ஓடியது. கடைசி வாரத்தில் லிஃப்ட்காரர் சொன்னார்.

"திங்கக்கிழமை நான் பதில் சொல்லணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க கேட்டுக்கிட்ட வந்து நிக்கறேன். இஷ்டம் இருந்தா இறங்கி வாங்க. வரலைன்னா புரிஞ்சுக்கறேன். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது."

வருத்தம் இருக்காது என்று சொன்னவரின் குரல் உடைந்துபோயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் ஆராய்ச்சிப் பெண்ணும் வந்தாள். கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கே சொல்கிறேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்திருந்தாள். மொட்டை மாடியில் எல்லாரும் கூடினார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாய், நாற்காலி, கவிழ்த்துப் போட்ட வாளி, கிடைத்ததில் உட்கார்ந்தார்கள். பச்சைத்துணி அக்கா கைப்பிடிச் சுவரோரமாக மகளுடன் நின்றாள். கீழே எட்டிப் பார்த்தாள். கேட்டருகே அவர் நின்றிருந்தார். தலையை வாரிப் படிய வைத்திருந்தார். இத்தனை பேர் பார்க்க எப்படி இறங்கிப் போவது?

"முதல்ல துணி துவைக்கிற விஷயம்" என்று ஆராய்ச்சிப் பெண் தொடங்கினாள். "இந்தக் கட்டடத்துல ஆம்பளைங்க கிட்டத்தட்ட எல்லாருமே வீட்டுல துணி துவைக்கிறாங்க. ஆனா ஒவ்வொருத்தரும், நான் மட்டும்தான் துவைக்கிறேன், வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு நினைச்சிருக்காங்க."

ஆண்கள் ஒருவரையொருவர் திருட்டுப் பார்வை பார்த்துக்கொண்டார்கள்.

"அதனாலதான் எல்லாரும் விடியறதுக்கு முன்னாடி இந்தத் தொட்டிக்குப் பின்னால வந்து காயப்போடறாங்களா?" என்றாள் இரட்டையரின் தாய். "நான் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான்னு நினைச்சேன்." சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. இருமல்காரர் சிரித்துச் சிரித்து நிஜமாகவே இருமினார்.

"இப்ப கடைசிக் கேள்வி."

பச்சைத்துணி அக்கா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள்.

"அப்படி ஒரு பெண் மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டா மத்தவங்க ஒத்துக்குவாங்களான்னு கேட்டோம். ஒருத்தர் ரெண்டு பேர் தேறினா அதிகம்னு எல்லாரும் போட்டிருக்கீங்க. சரி, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னும் கேட்டோம் இல்லையா." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "ரெண்டே ரெண்டு சீட்டைத் தவிர, மத்த எல்லாரும் சரின்னு சொல்லியிருக்கீங்க."

கொடியில் கிடந்த ஒரு சட்டை மட்டும் காற்றில் அடித்துக்கொண்டது.

"இது உங்க கட்டடத்துல மட்டும் இல்ல" என்றாள் அவள். "நான் போன இடத்துல எல்லாம் இதே கதைதான். ஆளாளுக்கு மனசுல ஒண்ணு வச்சிருக்காங்க. மத்தவங்களுக்குப் பிடிக்காதுன்னு நினைச்சு எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிறாங்க. அந்தத் திருப்பின முகத்தைப் பார்த்து, ஓ, இவங்களுக்குப் பிடிக்கலன்னு அடுத்தவங்க முடிவு பண்ணிடறாங்க."

இருமல்காரர் மெதுவாக எழுந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"அப்ப நான் இத்தனை நாளா இருமினது எதுக்கு?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பச்சைத்துணி அக்காவைப் பார்த்தார்.

"நீயும் அந்தத் தம்பியும் கேட்டுக்கிட்ட நிக்கறப்போ, படியில யாராவது இறங்கி வர்ற சத்தம் கேட்டா இருமுவேன்ம்மா. யார் கண்லயாவது பட்டு உன்னை ஏதாவது சொல்லிடப் போறாங்களேன்னு. இந்த விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சிருந்தேன். என் வீட்டுக்காரிகிட்டகூட மூச்சு விடல."

"கிழிஞ்சுது" என்றாள் அவர் மனைவி, வாளியின் மேல் உட்கார்ந்தபடி. "நான் உங்ககிட்ட மறைச்சுக்கிட்டு இருந்தேன்."

இரட்டையரின் தாய் எழுந்து நேரே வந்தாள். வந்தவள் பச்சைத்துணி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என் பசங்களுக்கு ஓட்டை வாய். நீங்க சிரிச்ச முகமா படியேறி வர்றதைப் பார்த்தா, ஏன், என்னன்னு கேட்டுக் கட்டடம் பூரா ஊதிடுவாங்க. அதனாலதான் கதவைச் சாத்துவேன். உங்களுக்காகத்தான்க்கா சாத்தினேன்."

பச்சைத்துணி அக்கா அந்தக் கைகளை விடாமல் பிடித்துக்கொண்டாள். எத்தனை மாலைகள். எத்தனை கண்ணீர். வெறுப்பு என்று அவள் நினைத்துச் செத்துப் பிழைத்ததெல்லாம் காவல். அவளை வளைத்துக்கொண்டு ஒரு கட்டடமே காவல் நின்றிருக்கிறது, ஒருவர் நிற்பது இன்னொருவருக்குத் தெரியாமல்.

இருமல்காரருக்கு இப்போது வீரம் வந்துவிட்டது. மீசையை நீவிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"சரி, தப்புன்னு கோடு போட்ட அந்த ரெண்டு பேரு யாரு? யாரா இருந்தாலும் எழுந்து நிக்கட்டும். அவங்களை நான் ரெண்டு வார்த்தை கேக்கணும்."

பச்சைத்துணி அக்கா கீழே கேட்டை ஒருமுறை பார்த்தாள். வாழ்நாள் முழுக்கச் சுவரோரமாக நடந்தவள், அந்தச் சுவரை விட்டுக் கையை எடுத்தாள். நடு மாடிக்கு வந்து நின்றாள்.

"ஒண்ணு நான் போட்டதுய்யா" என்றாள். "பயந்துட்டேன்."

இருமல்காரரின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. அவர் ஏதாவது சொல்வதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல்.

"இன்னொண்ணு நான் போட்டது."

மகள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"ஏண்டி?" அம்மாவின் குரல் உடைந்தது. "உனக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கலையா? லிஃப்ட் மாமா எப்ப மேல வருவாருன்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன். நான் சரின்னு போட்டு, அது ஒண்ணுதான் சரின்னு வந்தா, பெத்த பொண்ணே அம்மாவுக்கு மாப்பிள்ளை தேடறா பாருன்னு உன்னைத்தானே பேசுவாங்க. அதான். போட்டுட்டு அன்னைக்குப் பூரா அழுதேன்ம்மா. கடையில கேட்டதுக்குக் கண்ணு வலின்னு சொன்னேன்."

"கண்ணாடிக் கடையிலயே கண்ணு வலியா?" என்று யாரோ கேட்க, அழுதுகொண்டிருந்தவளே சிரித்துவிட்டாள்.

"அப்ப ஆளுக்காளு பயந்த அந்த நாலு பேரும் மூணாவது மாடியில இந்த ஒரு வீட்லதான் குடியிருந்திருக்காங்க" என்றாள் இரட்டையரின் தாய். மாடியே சிரிப்பில் அதிர்ந்தது. தாயும் மகளும் கட்டிக்கொண்டு, சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று தெரியாதபடி குலுங்கினார்கள். ஒரே மின்விசிறியின் கீழ் படுத்த அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற சுவர் அன்றைக்குத்தான் இடிந்தது.

"அவர் கீழ நிக்கறாரு" என்றாள் பச்சைத்துணி அக்கா திடீரென்று நினைவு வந்தவளாக. அத்தனை பேருக்கும் முன்னால், தாழாத குரலில் சொன்னாள். "நான் இறங்கி வருவேனான்னு பார்த்துக்கிட்டு நிக்கறாரு."

மொத்தக் கூட்டமும் கைப்பிடிச் சுவருக்கு ஓடியது. இருமல்காரர் எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போனார். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். உணர்ச்சி மேலிட, வந்தது இருமல். மார்பே பிளக்கிற அதே இருமல்.

கீழே லிஃப்ட்காரர் துள்ளி விலகி, எதிர்ச் சுவரோரம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"யோவ் தம்பி" என்று இருமல்காரர் கத்தினார். "அது வேற இருமல். இது வரச் சொல்ற இருமல். மேல வாய்யா."

லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். மொட்டை மாடி முழுக்கத் தலைகள். நடுவில் அவள் முகம். அவள் கையை உயர்த்தி, ஊர் பார்க்க, வா என்று அசைத்தாள்.

அவர் ஓட்டமாகப் படியேறி வந்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டவருக்குப் படி பழக்கமில்லை. மாடிக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, பேச முடியாமல் அவளையே பார்த்தார்.

"அந்த ஊருக்குப் போக வேண்டாம்" என்றாள் அவள். "இங்கயே இருங்க. என் கூட."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். மகள் ஓடிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க மாமா. பதில் சொல்றதுக்கு உசுரு வேணும் இல்ல."

இரட்டையரின் தாய் தன் பையன்கள் இருவரையும் பிடித்துப் படிக்கட்டு வாசலில் நிறுத்தினாள்.

"இப்ப ஓடுங்கடா. தெருவுல ஒரு வீடு விடாம போய்ச் சொல்லிட்டு வாங்க. பச்சைத்துணி அத்தைக்குக் கல்யாணம்னு."

அவர்கள் நம்ப முடியாமல் அம்மாவைப் பார்த்தார்கள். பிறகு படிகளில் தடதடவென்று பாய்ந்து, கத்திக்கொண்டே இறங்கினார்கள். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. தெருவில் ஒரு வீட்டின் ஜன்னல் திறந்தது, அடுத்த வீட்டின் கதவு திறந்தது. பச்சைத்துணி அக்கா மாடியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டு, உதட்டைக் கடிக்காமல் சிரித்தாள்.